ரசீதுப் புத்தகம் யார் கையில்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 39. சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறோம். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. இன்னும் நான்கு மாதத்தில் கோலாலம்பூரில் முதல்முறையாக முழு மராத்தான் ஓடப் போகிறேன். நான் படித்த தமிழ்ப்பள்ளிக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் பழுதாகிக் கிடக்கிறது. என் ஓட்டத்தை முன்வைத்து 15,000 வெள்ளி (ரிங்கிட்) திரட்டித் தருவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். இதுவரை 6,200 வெள்ளி சேர்ந்திருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்து வீடு திரும்பப் பத்து மணி ஆகிவிடும். ஆட்களிடம் பணம் கேட்பது எனக்குக் கூச்சம் என்பதால் ரசீதுப் புத்தகத்தை மனைவிதான் எடுத்துக்கொண்டு போவாள். போன மாதம் அதைச் சாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, "இனி என்னால் முடியாது" என்றாள். ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஒரு நல்ல காரியத்துக்கு மனைவியின் ஆதரவு இல்லையென்றால் ஒருவன் என்ன செய்வது? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பேசாமல் ஓட்டத்தையே விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அச்சில் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் காலணிக்கு ஒரு பத்தி இருக்கிறது. முழங்கால் வலிக்கு ஒரு பத்தி. முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் உடம்பு என்ன ஆகுமோ என்ற பயத்துக்கு முக்கால் பக்கம். ரசீதுப் புத்தகத்தை யார் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. "கூச்சம் என்பதால் மனைவிதான் எடுத்துக்கொண்டு போவாள்." எழுதிவிட்டு நீங்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்களில் இப்படிப் புத்தகம் நீட்டினால் பெரும்பாலோர் எழுதுவது ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. ஆளுக்குப் பத்து என்றே வைத்துக்கொண்டாலும் 6,200 வெள்ளிக்கு 620 பேர். கொடுத்தவர்கள் மட்டும் 620 பேர். "அப்புறம் வா" என்றவர்கள், உள்ளே ஆள் இருந்தும் கதவைத் திறக்காதவர்கள், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை ஆட்டி அனுப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை. அத்தனை வாசலிலும் உங்கள் மனைவி நின்றிருக்கிறார். நீங்கள் 42.195 கிலோமீட்டர் ஓடப்போவது ஒரே ஒரு நாள். அன்று வழிநெடுகத் தண்ணீர் நீட்டுவார்கள், முன்பின் தெரியாதவர்கள் கைதட்டுவார்கள், முடித்ததும் கழுத்தில் பதக்கம் விழும். இத்தனை மாதத்தில் எத்தனை வீட்டில் உங்கள் மனைவியை உட்காரச் சொன்னார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

தோட்டப் பட்டணத்தில் பணம் கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கூச்சப்படுகிறீர்கள். கணக்கில் அரிசி வாங்கும் கடையிலேயே புத்தகத்தையும் நீட்ட வேண்டும். கடைக்காரர் மற்ற ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். ஒட்டுக்கடையில் நாலு ஆண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களில் ஒருவர், "உன் வீட்டுக்காரர் ஓடுவதற்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்பார். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை ஓடுகிறவர் சொன்னால்தான் எடுபடும். நீங்கள் நின்று, "அண்ணே, வேன் ஓடவில்லை, பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கு வருவதில்லை, ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஓடுகிறேன்" என்றால் அந்த மனிதர் பையில் கையை விடுவார். உங்கள் மனைவி அதையே சொன்னால் கணவனுக்காகக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு பெண் தனியாக நின்று பணம் கேட்கும்போது வேறு என்னென்ன பேச்சு வரும் என்பதை நான் எழுதப் போவதில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். என் அப்பா கோயில் கமிட்டியில் இருந்தார். கூட்டத்தில் பேசுவது, கொடி ஏற்றுவது, திருவிழா மேடையில் மாலை வாங்கிக்கொள்வது எல்லாம் அவர். லயம் லயமாகப் போய் வசூல் செய்வது என் அம்மா. விடியற்காலை நெற்றி விளக்கோடு போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்து, வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு, சாயங்காலம் புத்தகத்தோடு கிளம்புவார். ஒரு வருடம் கணக்கில் பணம் குறைந்தது. தவறு யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. கமிட்டியில் யாரும் என் அப்பாவைக் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என் அம்மாவைக் கேட்டார்கள். "என் ரெண்டு வெள்ளி எங்கே போனது?" என்று, குடம் நிரம்பும்வரை, ஒவ்வொரு நாளும். பணத்தை வாங்கிய முகம் அவர்களுக்கு நினைவிருந்தது. அம்மா அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்கே போகாமல் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பாதை இன்னும் என் காலில் இருக்கிறது.

ஆகவே "ஆதரவு இல்லை" என்ற சொல்லை முதலில் திரும்பப் பெறுங்கள். ஆதரவு என்று எதைக் கேட்கிறீர்கள்? உங்கள் வியர்வைச் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை ஆறு வயதுப் பையனுக்கு யார் பசியாறல் கொடுக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. இதற்கெல்லாம் மேலே 620 பேரிடம் கை நீட்டியும் இருக்கிறார். இதுவரை சேர்ந்த நிதியைத் திரட்டியவர் அவர்தான், தம்பி. உங்கள் பெயரில் திரட்டியிருக்கிறார்.

புத்தகத்தை எங்கே வைத்தார் என்பதையும் பாருங்கள். குப்பையில் போடவில்லை. உங்கள் முகத்தில் எறியவில்லை. சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார். அது ஊர்ப் பணம், பிள்ளைகளின் பணம் என்ற மரியாதை அவருக்கு இன்னும் இருக்கிறது. பள்ளியின் மீதோ உங்கள் ஓட்டத்தின் மீதோ அவருக்குக் கோபமில்லை. தூக்க வேண்டியவர் தூக்கட்டும் என்று வைத்திருக்கிறார். ஒரு மாதமாக அது அங்கேயே கிடக்கிறது. காலையும் மாலையும் அதைக் கடந்து போய்க் காலணி மாட்டிக்கொண்டு ஓடுகிறீர்கள். பிறகு அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

கூச்சம் என்கிறீர்களே, உங்கள் ஊரில் பிறந்தவர்தான் துன் சம்பந்தன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி சேர்த்துப் பங்கு வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாகத் தாமே போய்க் கேட்டார். அப்போது அவர் அமைச்சர். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில்தான் தொழிலாளர்களுக்குச் சொந்தமாகத் தோட்டங்கள் வாங்கினார்கள். அமைச்சருக்கு இல்லாத கூச்சமா உங்களுக்கு?

ஓட்டத்தை விட்டுவிடலாமா என்றால், முடியாது. விடுவதற்கான உரிமை முதல் ரசீதைக் கிழித்துக் கொடுத்த அன்றே போய்விட்டது. பணி ஓய்வுப் பணத்திலிருந்து ஐந்து வெள்ளி எடுத்துக் கொடுத்த ஏதோ ஒரு பாட்டிக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். ஓடத்தான் வேண்டும். மீதி 8,800 வெள்ளியையும் திரட்டத்தான் வேண்டும். பள்ளிக்குக் கொடுத்த வாக்கு அது. ஆனால் இனிமேல் கேட்பது நீங்கள்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டக் காவல்துறையின் உரிமம் வேண்டும். 1947ஆம் ஆண்டிலேயே வந்த சட்டம் அது. உங்கள் கடிதத்தில் உரிமத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அது இல்லாமலே மனைவியை அனுப்பியிருந்தால், வழியில் நிறுத்தி விசாரித்திருந்தால் பதில் சொல்லி நின்றிருக்க வேண்டியவர் யார்? நினைக்கவே எனக்குக் கோபம் வருகிறது. திங்கட்கிழமையே பள்ளித் தலைமையாசிரியரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரையும் பார்த்து இதை முறைப்படுத்துங்கள். அதுவரை ஒரு ரசீதும் கிழிக்க வேண்டாம். பணம் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால் அன்றே சங்கத்தின் கணக்குக்கு மாற்றுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். காலணிக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் கோலாலம்பூர் போய்வரும் செலவுக்கும் அந்தப் பணத்திலிருந்து ஒரு காசு தொடக்கூடாது. தொட்டிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஆனாலும் எழுதிக் காட்டுங்கள். ஊர் கேட்கும்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே நிறையப் படித்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாற வேண்டும். பத்து மணிக்கு வீடு திரும்புவது என்ன பழக்கம்? நம் வெயிலில் எட்டு மணிக்கு மேல் ஓடுவது உடம்புக்கும் கேடு. கோலாலம்பூரில் முழு மராத்தானை விடியும் முன்பே தொடங்குவதும் வெயிலுக்குப் பயந்துதான். நீங்களும் நான்கு மணிக்குக் கிளம்புங்கள். அந்த நேரத்தில் எழுவது நம் குடும்பங்களில் யாருக்கும் புதிதில்லை. விடிவதற்குள் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்று நம் பெற்றோர் அந்த நேரத்தில்தான் மரத்தடியில் நின்றார்கள். நெற்றி விளக்கும் ஒளிரும் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள், துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், செம்பனை லாரி ஓடும் சாலையைத் தவிருங்கள். எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பசியாறல் நீங்கள் கொடுங்கள். நீண்ட ஓட்டம் எல்லா ஞாயிறும் தேவையில்லை; ஒரு வாரம் நீண்டது, மறுவாரம் அதில் பாதி போதும். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் 30 கிலோமீட்டரை ஒருமுறை தொட்டுவிட்டுப் பிறகு குறைத்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் பயப்படும் அந்த முப்பதாவது கிலோமீட்டரில் உடம்பில் சேர்த்துவைத்த மாவுச்சத்து தீரத் தொடங்கும். அது தீருமுன்பே வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக் குடித்துக்கொண்டு போங்கள். முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பாருங்கள், எனக்கு எழுதாதீர்கள். ஓட முடியாத இடத்தில் நடங்கள். 1998இல் அதே கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நம் சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வாங்கினார். உங்கள் மராத்தானைவிட எட்டு கிலோமீட்டர் கூடுதல், அத்தனையும் நடை. நடப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறீர்கள். அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அந்த மாலையைப் புத்தகத்துக்குக் கொடுங்கள். 8,800 வெள்ளிக்குப் பத்துப் பத்தாக 880 பேர். நான்கு மாதத்தில் முடியும், கால்கள்தான் பழகியிருக்கின்றனவே. மகளையும் கூட அழைத்துப் போங்கள். பதினொரு வயது, அப்பா ஒரு வாசலில் நின்று மரியாதையாகக் கேட்பதையும், இல்லை என்று சொன்னவருக்கும் நன்றி சொல்லித் திரும்புவதையும் அவள் பார்க்கட்டும்.

மனைவியிடம் விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். மராத்தான் என்றால் என்ன, அது எவ்வளவு கடினம், எவ்வளவு நல்ல காரியம் என்று ஆரம்பிக்க வேண்டாம். அவருக்கு எல்லாம் தெரியும். இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்தப் புத்தகத்தைச் சாமி படத்தின் கீழிருந்து நீங்களே எடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் ரசீதிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, இவர் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். நடுவில் பேசாதீர்கள். அழுதால் அழட்டும். எந்தக் கடைப் படியில் இனி ஏற மாட்டேன் என்று அவர் சொல்கிறாரோ, உரிமம் கைக்கு வந்த அன்று மாலை அந்தக் கடைக்கு முதலில் போங்கள்.