அலமரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குறுந்தொகையின் 28ஆம் பாடலில் வரும் 'அலமறல் அசைவளி' என்ற தொடர் சில நாட்களாக என்னை விடாமல் துரத்துகிறது. அகராதியில் அலமறலுக்குச் சுழற்சி, மனக்கலக்கம் என்று இரண்டு பொருள் இருக்கின்றன. இந்தப் பாடலுக்கு எது பொருந்தும்? சுழல்வது காற்றா, பாடலில் பேசும் தலைவியின் மனமா? நான் எழுதிய சிறுகதையில், வேலை பறிபோய்விடுமோ என்று அஞ்சும் ஒருவனைப் பற்றி 'அவன் அலமறலில் ஆழ்ந்தான்' என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் புரியவில்லை என்கிறார்கள். மறைந்துபோன சொற்களை மீட்பது எழுதுபவரின் கடமை அல்லவா? இந்தச் சொல் 'அலை' என்பதிலிருந்து பிறந்தது என்று சொல்லலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் எழுத்து. அலமறல் அல்ல, அலமரல். இடையின ரகரம். மூன்று இடங்களிலும் தவறாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சொல்லை மீட்கக் கிளம்பியவர் அதன் எழுத்தையாவது சரிபார்த்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ரகரம் என்று தெரிந்தால்தான் சொல்லின் சுற்றம் தெரியும். வரு என்பது வந்து என்றாகிறது, தரு என்பது தந்து என்றாகிறது. அதே போக்கில் அலமரு என்பது அலமந்து என்றாகும். பழைய பாடல்களில் 'அலமந்து' என்ற சொல்லை நீங்கள் எத்தனையோ முறை கடந்து வந்திருப்பீர்கள். அது வேறு, இது வேறு என்று நினைத்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான்.

அலை, அலைச்சல், அல்லல், அல்லாட்டம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வேர் எது, கிளை எது என்பதை அந்தத் துறையில் உழைப்பவர்களிடம் விட்டுவிடுவோம். அதைத் தெரிந்துகொண்டு உங்கள் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

பொருளுக்கு வருகிறேன். தொல்காப்பியர் உரியியலில் 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அதே இயலில், வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். ஆகவே, விளக்கம் வேண்டிய சொற்களின் வரிசையில் அலமரலுக்கு அன்றைக்கே இடம் கிடைத்துவிட்டது. உங்கள் நண்பர்களுக்குப் புரியவில்லை என்றால் அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

ஆனால் சுழற்சி என்றதும் நீங்கள் பம்பரத்தை நினைத்துக்கொள்கிறீர்கள். அங்கேதான் வழி தவறுகிறது. 'சுழன்றும் ஏர்ப்பின்னது உலகம்' என்கிறது குறள். அங்கே யாரும் ஒரு அச்சில் நின்று சுற்றவில்லை. இந்தத் தொழில், அந்தத் தொழில் என்று அலைந்து திரிகிறார்கள். சுழற்சி என்றால் ஓரிடத்தில் நில்லாமை. காலுக்கும் அதே சொல், மனத்துக்கும் அதே சொல்.

ஒளவையாரின் அந்தப் பாடலை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்
ஓரேன் யானும்ஓர் பெற்றி மேலிட்டு
ஆஅ ஒல்எனக் கூவுவேன்கொல்
அலமரல் அசைவளி அலைப்பஎன்
உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே

இலக்கணப்படி அலமரல் காற்றுக்கு உரியது. சுழன்று அசைந்து வரும் காற்று அவளை அலைக்கழிக்கிறது. உங்கள் கேள்விக்கு விடை அவ்வளவுதான். ஆனால் பாடலில் யார் அசைகிறார்கள் என்று பாருங்கள். முட்டுவேனா, தாக்குவேனா, கூவுவேனா என்று மூன்று வினைகள். மூன்றும் கேள்விகள். ஒன்றையும் அவள் செய்யவில்லை. ஊர் தூங்குகிறது. இரவில் நடமாடுவது காற்று மட்டுமே. அவள் உடம்புக்கு மறுக்கப்பட்ட அலைச்சல் முழுவதையும் ஒளவையார் காற்றின் கையில் கொடுத்துவிட்டார். காற்றா மனமா என்று நீங்கள் கேட்பது, பாடல் சேர்த்துக் கட்டியதைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்பதாகும். நான் பிரிக்க மாட்டேன்.

பொருள் ஒன்று, பொருள் இரண்டு என்று எண் போடுவது அகராதிக்காரரின் வசதி. அவருக்கு வேறு வழியில்லை. அந்த எண்களை நம்பி, சொல்லுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன என்று நாம் குடியேறக் கூடாது. சில காலமாகவே இதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

என் அத்தைக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போயிற்று. பகல் முழுவதும் அமைதியாக இருப்பாள். வெயில் தாழத் தொடங்கியதும் எழுந்துவிடுவாள். வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். அடுக்களைக்கு வந்து பால் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடுவாள். மடித்து வைத்த புடவையை உதறி மறுபடியும் மடிப்பாள். மறுபடியும் தாழ்ப்பாள். 'வீட்டுக்குப் போக வேண்டும், நேரமாகிவிட்டது' என்பாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் வாழ்ந்த வீடு அதுதான். உறவினர்கள் எல்லோரும் 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். உட்கார வைத்தால் விரல்கள் முந்தானை நுனியைத் திருகத் தொடங்கிவிடும், கண்கள் வாசலுக்கு ஓடிவிடும். அவளைப் பரிசோதித்த மருத்துவர் ஒருவர் தாளில் இரண்டு குறைகளை எழுதினார். ஓயாத நடமாட்டம் என்று ஒன்று, மனக்கலக்கம் என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாத்திரை.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. அவளிடம் இரண்டு இல்லை, ஒன்றுதான் இருந்தது. அவளைக் கவனித்துக்கொள்ள வந்த அம்மாள் மட்டுமே அதைப் புரிந்துகொண்டார். அவர் உட்காரச் சொல்லவில்லை. 'வாருங்கள், போகலாம்' என்று கூடவே நடந்தார். வாசல் வரை, பின்கட்டு வரை, திரும்ப வாசல் வரை. இருட்டிய பிறகு அத்தை தானாகவே உட்கார்ந்தாள்.

நம் பேச்சு வழக்கு இதை எவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருக்கிறது! 'இருப்புக் கொள்ளவில்லை' என்கிறோம். இருப்பு என்றால் உட்கார்ந்திருத்தல். மனம் சரியில்லை என்பதை உடம்பு உட்காரவில்லை என்று சொல்கிறோம். 'கால் தரையில் பாவவில்லை', 'நிலைகொள்ளவில்லை' என்பவையும் அப்படித்தான். 'குட்டி போட்ட பூனை போல' என்கிறோம். அந்தப் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு பரணுக்குப் போகும். சற்று நேரத்தில் அங்கிருந்து கட்டிலடிக்கு. அங்கும் சரிப்படாமல் விறகுக் குவியலுக்குப் பின்னால். அதன் அச்சத்தை நாம் பார்ப்பது அதன் நடையில்தான்.

மருத்துவத்திலேயே அகதீசியா என்று ஒரு சொல் உண்டு. செக் நாட்டு மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் சூட்டிய பெயர். உட்கார முடியாமை என்பது அதன் கிரேக்கப் பொருள். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளாலும் இது வருவதுண்டு. உள்ளே தாங்க முடியாத தவிப்பு, வெளியே ஓயாத கால்கள், இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நிலை. இருப்புக் கொள்ளாமை என்ற நம் தொடரை அப்படியே பெயராக வைத்தாலும் பொருந்தியிருக்கும்.

இனி உங்கள் வாக்கியம். 'அலமரலில் ஆழ்ந்தான்.' இதை நான் எளிதில் விடப்போவதில்லை. ஆழ்தல் என்றால் அமிழ்ந்து போதல், அடங்கிப் போதல். யோசனையில் ஆழலாம், துயரத்தில் ஆழலாம், உறக்கத்தில் ஆழலாம். அலமரலில் யாரும் ஆழ முடியாது. ஆழ்ந்துவிட்டால் அது அலமரல் அல்ல. ஒரு சொல்லை அதன் எதிரியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, மீட்டுவிட்டேன் என்கிறீர்கள். 'சோகத்தில் ஆழ்ந்தான்' என்ற பழகிய அச்சில் சோகத்தை எடுத்துவிட்டுச் சங்கச் சொல்லை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்று கதை எழுதுபவர்கள் பலர் 'அவனுக்குள் ஒரு பதற்றம் இருந்தது', 'அவளிடம் ஒரு தவிப்பு இருந்தது' என்று எழுதுகிறார்கள். இருந்தது, இருந்தது, இருந்தது! பதறுவதும் தவிப்பதும் வினைகள். அவற்றைப் பெயராக்கி, ஒரு பொருளைப் போல உள்ளே வைத்துப் பூட்டினால் கதையில் எது அசையும்? உங்கள் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்புங்கள். வேலை போகும் என்று அஞ்சுபவன் என்ன செய்வான்? மேலதிகாரியின் அறைக் கதவைப் பார்ப்பான். தண்ணீர் குடிக்கப் போவான், குடிக்காமல் திரும்புவான். வந்த கடிதங்களையே மறுபடியும் திறந்து பார்ப்பான். அதை எழுதினால் அலமரல் என்ற சொல்லே கதைக்குத் தேவைப்படாது. கடமை, மீட்பு என்ற பெரிய பேச்சையும் அப்படியே விட்டுவிடலாம்.

சொல்லை எப்படி ஆள்வது என்று கற்க வேண்டுமானால் சம்பந்தரிடம் போங்கள். முதல் திருமுறையில் திருவையாற்றுப் பதிகம், 'புலன்ஐந்தும் பொறிகலங்கி' என்று தொடங்குவது. அதன் முதல் பாட்டில் அலமந்து என்ற சொல் இரண்டு முறை வருகிறது. முதல் முறை, சாகக் கிடப்பவனுக்கு. ஐம்புலனும் கலங்கி, அறிவழிந்து, கோழை மேலேறி 'அலமந்த போதாக அஞ்சேல் என்று அருள்செய்வான்' என்கிறார். படுத்துக் கிடப்பவன் எங்கே சுழல்வது? சாவுப் படுக்கைக்கு அருகில் இருந்தவர்களுக்குத் தெரியும். கை போர்வையைத் துழாவும், கண் கூரையில் எதையோ தேடும். இரண்டாம் முறை, குரங்குக்கு. கோயிலை வலம்வந்த பெண்கள் ஆடுகிறார்கள், முழவு அதிர்கிறது. இடி என்று எண்ணி, மழை வரப்போகிறது என்று அஞ்சி, 'சிலமந்தி அலமந்து மரமேறி முகில்பார்க்கும் திருவையாறே'. கிளைக்குக் கிளை தாவி மேலேறி வானத்தைப் பார்க்கின்றன குரங்குகள். சாவின் அலமரலும் குரங்கின் அலமரலும் ஒரே பாட்டில், ஒரே சொல்லில் நிற்கின்றன. அச்சமும் ஓட்டமும் அங்கே ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. எது எந்தப் பொருளில் வந்தது என்று கேட்க அந்தப் பாட்டு இடமே தரவில்லை.

அகநானூற்றில் 'அலமரல் மழைக்கண்' என்று வருமிடத்தையும் தேடிப் படியுங்கள். அழும் கண்ணைச் சொல்லும் இடம் அது. கண்ணுக்கு அந்தச் சொல் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள். மாற்றி எழுதிய கதையையும் சேர்த்தே அனுப்புங்கள். இரண்டையும் படிக்கிறேன்.

அன்புடன்.