ஸ்ப்ரே அடித்தும் பவர் வீடர் துருப்பிடித்தது ஏன்?

கேள்வி: ஐயா, வேதாரண்யம் பக்கம் மூன்று ஏக்கரில் கடலையும் அரை ஏக்கரில் முல்லையும் வைத்திருக்கிறேன். மாசியில் கடலைக்கு மண் அணைத்து முடித்ததும், களையெடுக்கும் எஞ்சின் வண்டியான பவர் வீடரைக் கொட்டகையில் ஏற்றிவிட்டேன். கடைக்காரர் சொன்னபடி 400 மில்லி ஸ்ப்ரே டப்பா ஒன்று வாங்கி, அதை முழுவதும் வண்டி மேல் அடித்தேன். இப்போது ஆடியில் எடுத்துப் பார்த்தால் பிளேடு, அச்சு, போல்ட் எல்லாம் துரு. கிளட்ச் கேபிள் இழுக்கவே வரவில்லை. கவாத்துக் கத்தரியும் இறுகிக் கிடக்கிறது. இன்னொரு கடையில் சிலிக்கான் ஸ்ப்ரேதான் நல்லது என்கிறார்கள். பக்கத்து வயல்காரர் பழைய எஞ்சின் ஆயிலே போதும் என்கிறார். எந்த ஸ்ப்ரே வாங்கலாம்? மழைக்கு முன்னால் வாங்கி வைக்க வேண்டும்.

பதில்: தம்பி, எந்த ஸ்ப்ரே என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தில் நான் தேடிய ஒரு வரி இல்லை. வண்டியை ஏற்றுவதற்கு முன்னால் கழுவினீர்களா? எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? எத்தனை நேரம் வெயிலில் காயவிட்டீர்கள்?

ஒரு வேலை செய்யுங்கள். பிளேடுகளைக் கழற்றி, அச்சைச் சுற்றியிருக்கும் புல்லையும் கொடியையும் கத்தியால் அறுத்து எடுங்கள். உள்ளே மண் அடை போலப் பிடித்திருக்கும். திருப்புளியால் தட்டினால் பெயர்ந்து வரும். ஐந்து மாதம் ஆகியும் அந்த அடையின் உட்பக்கம் விரலில் ஈரம் தட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அது ஒட்டியிருந்த இடத்தில்தான் இரும்பு செதில் செதிலாக உரிந்திருக்கும். நீங்கள் அடித்த ஸ்ப்ரே அந்த அடையின் மேல்தான் விழுந்தது. இரும்பைத் தொடவே இல்லை.

மண்ணைவிடக் கெட்டது உப்பு. உங்கள் ஊரில் கடல்காற்றே உப்பைக் கொண்டுவந்து வண்டி மேல் பூசிவிடும். அது போதாதென்று உரம். நாம் போடும் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைடுதான். இரும்பைப் பொறுத்தவரை அது உங்கள் ஊர் உப்பளத்து உப்புக்குப் பங்காளி. யூரியா மூட்டையின் வாயைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் கசியத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குணம்தான் வண்டியில் ஒட்டிய உரத்தூளுக்கும் கடல் உப்புக்கும் இருக்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொள்ளும். அந்த உப்பின் மேல் எண்ணெய் பூசினால் எண்ணெய்க்கு அடியில் துரு தன் பாட்டுக்கு நடக்கும்.

இதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். உரம் தெளிக்கும் கருவி ஒன்றைப் பொட்டாஷ் தூளைத் துடைக்காமல், அவசரத்தில் மேலே எண்ணெய் மட்டும் தடவி மூலையில் வைத்தேன். அடுத்த பட்டத்துக்கு எடுத்தபோது வெளியே பளபளப்பு அப்படியே இருந்தது. தகரத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சல்லடை போல ஊசித்துளைகள். அன்றிலிருந்து எண்ணெய் டப்பாவைத் தொடுவதற்கு முன்னால் வாளியைத்தான் தொடுகிறேன்.

கழுவுவதிலும் உங்கள் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. வண்டி காய்ந்ததும் தகட்டில் வெள்ளை பூத்தால், நீங்கள் உப்பைக் கழுவவில்லை, மறுபடி பூசியிருக்கிறீர்கள் என்று பொருள். முதல் கழுவலுக்கு எந்தத் தண்ணீரும் இருக்கட்டும். கடைசி இரண்டு வாளி மட்டும் குளத்துத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கழுவுங்கள். ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பாலித்தீன் பையால் கட்டிக்கொள்ளுங்கள். பேரிங், ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) பக்கம் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள். அப்புறம் ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்கட்டும்.

சரி, ஸ்ப்ரேக்கு வருவோம். நீங்கள் வாங்கிய டப்பாவின் பெயரை எழுதவில்லை, பரவாயில்லை. கடைகளில் ‘எல்லாத்துக்கும் ஒண்ணு’ என்று விற்கும் மெல்லிய ஸ்ப்ரேக்களில் பலருக்கும் தெரிந்தது டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகட்டைத் துருவிலிருந்து காக்க அதைப் பயன்படுத்தினார்கள். தண்ணீரை விலக்கும் மருந்து, 40-ஆவது முயற்சியில் கிடைத்தது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இந்த வகை ஸ்ப்ரேயில் பெரும்பங்கு கரைப்பான். அது ஆவியாகிப் போனபின் மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். இறுகிய நட்டைக் கழற்ற, கேபிள் முனையில் இறக்க, கழுவிய வண்டியின் இடுக்கிலிருந்து ஈரத்தை வெளியே தள்ள இதைப்போல உதவுவது குறைவு. ஆனால் மண்ணில் உரசும் பிளேடை உப்புக்காற்றில் ஐந்து மாதம் காக்கும் கனம் அந்தப் படலத்துக்கு இல்லை. பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

சிலிக்கான் ஸ்ப்ரே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரியது. மருந்து தெளிப்பானின் ஓ-ரிங், வாஷர், டிரிகருக்கு அடியுங்கள். சில ரப்பர்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும், சிலிக்கானில் அந்தத் தொல்லை இல்லை. பிளேடில் அடிப்பது காசுக்குக் கேடு. பின்னால் பெயின்ட் அடிக்க நினைக்கும் தகட்டில் பட்டால் பெயின்டும் ஒட்டாது.

நீண்ட நாள் நிறுத்தி வைக்க உங்களுக்கு வேண்டியது, காய்ந்தபின் மெழுகு போலப் படியும் ரஸ்ட் பிரிவென்டிவ், அதாவது துரு தடுக்கும் பூச்சு. ஸ்ப்ரேயாகவும் வருகிறது, லிட்டர் டின்னாகவும் வருகிறது. டின்னை வாங்கி பிரஷ்ஷால் தடவுங்கள். அது கிடைக்காவிட்டால் சாதாரண லித்தியம் கிரீஸை விரலால் வழித்து பிளேடு, அச்சு, போல்ட் மரை எல்லாவற்றிலும் கனமாகப் பூசுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் தாங்கும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஒரு டப்பா கிரீஸ் இரண்டு வருஷத்துக்கு வரும். ஸ்ப்ரே என்றால் பட்டத்துக்குப் பட்டம் நீங்கள் அவர் கடைக்குப் போக வேண்டும். ஒரே டப்பா கேபிளுக்கும் ரப்பருக்கும் பிளேடுக்கும் போதும் என்று விற்பவர், வண்டியைத் திறந்து வேலை பார்த்தவராக இருக்க முடியாது.

பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். எரிந்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் உலோகத் துகளும் கலந்திருக்கும். அதைக் காலம் காலமாகத் தோலில் படவிடுவது புற்றுநோய்வரை கொண்டுபோகக் கூடியது. அடுத்த பட்டத்தில் அது உங்கள் கடலை மண்ணில்தான் இறங்கும்.

கவாத்துக் கத்தரியை இரண்டாகப் பிரித்து, கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு போடுங்கள். மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்தால் மேல்துரு வந்துவிடும். புளிப்பு போகக் கழுவி, சோடா மாவுத் தண்ணீரில் ஒருமுறை அலசி, உடனே துடைத்துக் காயவைத்து விளக்கெண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாளானால் பிசின் போல இறுகும். விளக்கெண்ணெய் அப்படி இறுகாது.

கேபிளுக்கு டபிள்யூடி-40 போன்ற மெல்லிய ஸ்ப்ரேயே போதும். மேல்முனையைக் கழற்றி, உறைக்குள் சிறிது சிறிதாக இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். பிளேடில் உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு ஓட்டலாம். மண்ணில் உரசி அதுவே வெளுத்துவிடும்.

அச்சில் சுற்றிய புல்லை எடுத்த பிறகு, கியர் பெட்டியிலிருந்து அச்சு வெளியே வரும் இடத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சுற்றிய புல் ஆயில் சீலை வெட்டுவது வழக்கம். துணியில் எண்ணெய் தெரிந்தால் சீலை மாற்றி, கியர் ஆயில் அளவைச் சரிபார்க்காமல் வண்டியை வயலில் இறக்காதீர்கள்.