எம்.ஜி.ஆர், கலைஞர்: அந்தப் பழைய நன்றி என்னவானது?

"ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்ட எம்.ஜி.ஆரும் கலைஞரும் எப்படி அவ்வளவு பெரிய பகையாளிகள் ஆனார்கள்? பழைய நன்றி கொஞ்சமாவது மிஞ்சியதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிஞ்சியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஓட்டு, பதவி என்று வந்த இடத்தில் அது இருவரையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "அந்தக் காலத்து அரசியல் நாகரிகம்" கதைகளைப் படித்தால், இருவரும் பகலில் மேடையில் திட்டிக்கொண்டு ராத்திரி தோளில் கைபோட்டுக்கொண்டு போனவர்கள் மாதிரி இருக்கும். நடந்ததை வருஷ வாரியாகப் பார்த்தால் அவ்வளவு இனிப்பாக இல்லை.

முதலில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். எம்.ஜி.ஆர் கதாநாயகனாக உயர்ந்த 1947-ம் ஆண்டு ராஜகுமாரியிலேயே கலைஞரின் பேனா இருந்தது. அப்போது கலைஞருக்கு 22 வயது. 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் மந்திரிகுமாரி எடுத்தபோது, முதலாளி டி.ஆர்.சுந்தரத்துக்கு எம்.ஜி.ஆரின் இரட்டை நாடி பிடிக்கவில்லையாம். ஒரு குறுந்தாடி வைத்தால் மறைந்துவிடும் என்று சொல்லி அவரையே போட வைத்தவர் கலைஞர் என்று தி.மு.க. பக்கம் சொல்வார்கள். மலைக்கள்ளனுக்கும் வசனம் அவர்தான். 'புரட்சி நடிகர்' பட்டமும் அவர் கொடுத்ததே. (கலைஞருக்கு 'கலைஞர்' என்ற பட்டத்தைக் கொடுத்தவர் எம்.ஆர்.ராதா. அதே ராதாதான் 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்டார். தமிழ்நாட்டு அரசியலில் யாரும் யாருக்கும் அந்நியர் கிடையாது.)

எம்.ஜி.ஆர் திருப்பிச் செய்ததும் சின்ன விஷயமில்லை. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா இறந்ததும், அடுத்து நெடுஞ்செழியனா கலைஞரா என்ற கேள்வி வந்தது. எம்.ஜி.ஆர் தன் செல்வாக்கு முழுவதையும் கலைஞர் பக்கம் இறக்கினார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று கலைஞர் முதலமைச்சர். அடுத்த வருஷம் கலைஞர் குடும்பத்தின் மேகலா பிக்சர்ஸ் கடனில் தவித்தபோது 'எங்கள் தங்கம்' படத்தில் சம்பளம் வாங்காமல் நடித்துக் கொடுத்தார். கூட நடித்த ஜெயலலிதாவும் வாங்கவில்லை. பின்னால் வந்த பகையெல்லாம் தெரிந்த நமக்கு இதைப் படித்தால் ஒரு நிமிஷம் தலை சுற்றும்.

எங்கள் வீட்டில் பெரியப்பா உதயசூரியன், அப்பா இரட்டை இலை. சின்ன வயதில் நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன சண்டை இது:

"எங்காளு எழுதின வசனத்தைப் பேசித்தானேடா உங்காளு ஹீரோ ஆனாரு?"

"உங்காளு அந்த நாற்காலியில உக்கார்ந்ததே எங்காளு தயவுலதானேண்ணே?"

இரண்டுமே உண்மை. வம்பே அங்கேதான் இருக்கிறது. மொய் நோட்டு இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இருந்தது, இரண்டிலுமே எதிர் வீட்டுக்காரர்தான் பாக்கி வைத்திருந்தார். செய்தவர் மறக்காமல் வைத்திருந்த கணக்கு வேறு, வாங்கியவர் மனதில் இருந்த கணக்கு வேறு.

1971 தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் ஜெயித்தது. தன் முகத்துக்கு விழுந்த ஓட்டு என்று எம்.ஜி.ஆர் நினைத்திருப்பார். கட்சிக்கும் தன் ஆட்சிக்கும் விழுந்தது என்று கலைஞர் நினைத்திருப்பார். எம்.ஜி.ஆர் மந்திரி பதவி கேட்டார், நடிப்பை விட்டால் தருகிறேன் என்று பதில் போனது என்பது கலைஞர் தரப்புச் சொல்வது. மதுவிலக்கை எடுத்ததும், மகன் மு.க.முத்துவைச் சினிமாவில் இறக்கி அவருக்கு ரசிகர் மன்றங்கள் முளைத்ததும் எம்.ஜி.ஆர் ஆட்கள் சொல்லும் காரணங்கள். 1972 அக்டோபரில் திருக்கழுக்குன்றத்தில் எம்.ஜி.ஆர் கணக்கு கேட்டார். கட்சியின் பொருளாளரே மேடையேறி, நிர்வாகிகள் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? இரண்டே நாளில் தற்காலிக நீக்கம், அப்புறம் நிரந்தர நீக்கம், அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க. இருபத்தைந்து வருஷப் பழக்கம் பத்து நாளில் முடிந்தது.

அதற்குப் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் காட்டிய தாட்சண்யம் ரொம்பக் குறைவு. கலைஞர் ஆட்சி மீது ஊழல் புகார் பட்டியலோடு குடியரசுத் தலைவர் வரை போனார் எம்.ஜி.ஆர். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, அந்தப் புகார்களை விசாரிக்க சர்க்காரியா கமிஷன் வந்தது. 1980-ல் கலைஞரின் முறை. தன் ஆட்சியைக் கலைத்த அதே இந்திராவை "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று அழைத்துக் கூட்டணி வைத்தார். அந்த மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு 39-ல் கிடைத்தது 2 தொகுதி. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர் ஆட்சி கலைந்தது. ஆனால் சில மாதங்களில் ஜனங்கள் அவரையே திரும்ப உட்கார வைத்தது வேறு கதை.

1986-ல் சட்ட மேலவையை எம்.ஜி.ஆர் ஒழித்தார். உடனடிக் காரணம், நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவை உறுப்பினராக்குவதில் எழுந்த சிக்கல். ஆனால் அந்த மேலவையில்தான் கலைஞர் உறுப்பினராக இருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதே வருஷக் கடைசியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகக் கலைஞர் கைதி உடையில் சிறையில் இருந்தார். பேராசிரியர் அன்பழகன் உட்பட 10 தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பதவி இழந்தார்கள். நாற்பது வருஷ நண்பர் என்பதெல்லாம் அங்கே செல்லுபடி ஆகவில்லை.

நடுவில் 1979 செப்டம்பரைச் சொல்லியே ஆக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மையமே அதுதான். ஒடிசாத் தலைவர் பிஜு பட்நாயக் தூது வந்து, சேப்பாக்கம் விருந்தினர் மாளிகையில் இருவரையும் உட்கார வைத்தார். இரண்டு கட்சியையும் இணைத்துவிடலாம் என்பது பேச்சு. கட்சிப் பெயர் தி.மு.க., கொடி அண்ணா படம் போட்ட கொடி, முதலமைச்சராக எம்.ஜி.ஆரே தொடரட்டும் என்றுதான் பேசியதாகக் கலைஞர் பிற்பாடு பலமுறை சொன்னார். மறுநாள் வேலூரில் நடந்த அ.தி.மு.க. கூட்டத்தோடு அந்தப் பேச்சு செத்துப்போனது. யார் கெடுத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. அறைக்குள் இரண்டு பேருக்கும் பழைய நாட்கள் ஞாபகம் வந்திருக்கலாம். வெளியே ஏழு வருஷமாக ஒருவரை ஒருவர் எதிர்த்தே அரசியல் கற்ற வட்டச் செயலாளர்களும் எம்.எல்.ஏ.க்களும் நின்றார்கள். ஒரு ஊருக்கு இரண்டு செயலாளர் என்றால் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். தலைவர்களின் நட்பைவிட அந்தக் கணக்கு பெரியது.

சரி, அப்படியானால் நன்றி எங்கே மிஞ்சியது? விலை கொடுக்க வேண்டாத இடங்களில். 1984-ல் எம்.ஜி.ஆர் உடல்நலம் கெட்டு அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபோது, அவர் நலம்பெற வேண்டும் என்று கலைஞர் முரசொலியில் உருகி எழுதினார். அதே வேகத்தில் அந்தத் தேர்தலில் அவரைத் தோற்கடிக்கவும் ஊர் ஊராகப் போனார். இரண்டிலும் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர் இறந்ததும் ராமாவரம் தோட்டத்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். அந்தச் சாவை ஒட்டி நடந்த கலவரத்தில் அண்ணா சாலையில் இருந்த கலைஞர் சிலையை ஓர் இளைஞன் கடப்பாரையால் இடிக்கும் படம் வெளியானது. தம்பி முதுகில் குத்தவில்லை, நெஞ்சில்தான் குத்துகிறான், நிம்மதி என்று அந்தப் படத்துக்குக் கவிதை எழுதினார் கலைஞர். அந்த வரிகளில் பெருந்தன்மையும் இருக்கிறது, சுருக்கென்ற குத்தும் இருக்கிறது.

இன்னொன்று. ஜெயலலிதா 1994-ல் தரமணியில் தொடங்கிய ஜெ.ஜெ. திரைப்பட நகருக்கு, தி.மு.க. ஆட்சி வந்த பிறகு எம்.ஜி.ஆர் பெயரைச் சூட்டினார்கள். பழைய நண்பருக்கு மரியாதை என்று பெரியப்பா சொன்னார். ஜெயலலிதாவுக்கு வைத்த குட்டு என்று அப்பா சொன்னார். அ.தி.மு.க.காரர் யாரும் எதிர்த்து வாய் திறக்க முடியாத பெயராகப் பார்த்து வைத்தார் பாருங்கள், அதில்தான் எனக்குக் கலைஞர் முழுசாகத் தெரிகிறார்.