ஏழாவது மாடியில் வசிக்கும் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுவது எப்படி?

கேள்வி: நகரின் நடுவே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஏழாவது மாடியில் வசிக்கிறோம். எட்டு வயதில் மகளும் ஐந்து வயதில் மகனும் இருக்கிறார்கள். காடு, மலை என்று அடிக்கடி அழைத்துச் செல்ல இயலவில்லை. எனக்கும் பறவைகள், பூச்சிகளின் பெயர்கள் தெரியாது. இவர்களுக்கு இயற்கையை எப்படி அறிமுகப்படுத்துவது?
– ஒரு வாசகி

பதில்: தொலைவுக்குச் செல்ல முடியாததைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை காணும் காட்டைவிட, வாரந்தோறும் சென்று பார்க்கும் ஒரே மரம் குழந்தைக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் உறுதியான எண்ணம். துளிர் விடுவதும் பூ காயாவதும் பட்டையில் புதிய பூச்சி குடியேறுவதும் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கே புலப்படும். நடந்து போகும் தொலைவில் உள்ள ஒரு மரத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்; கண்டதை வரைந்து, தேதியையும் குறித்து வைக்கட்டும்.

மரத்தடியிலேயே ஒரு மாலைப் பொழுதுக்கான வேலை இருக்கிறது. எறும்பு வரிசையின் குறுக்கே, எறும்புகள் மேல் படாமல், ஈர விரலால் தரையை ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். முன்னே சென்ற எறும்புகள் தரையில் விட்டுச்செல்லும் வேதிப்பொருளின் வாசனையைப் பின்பற்றியே பல வகை எறும்புகள் வரிசையாக நடக்கின்றன. அந்த வாசனை அழிந்த இடத்தில் அவை தயங்கி, சுற்றித் தேடி, மெல்ல மீண்டும் வழியை அமைத்துக்கொள்ளும். காரணத்தை உடனே சொல்லிவிடாமல் இருவரையும் முதலில் ஊகிக்க விடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சுவரோரம் காய்ந்து பழுப்பேறிய பாசியின்மீது சில சொட்டு நீர் விட்டுப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதும் இதைப் போன்றதே: உண்மையான வேர்கள் இல்லாத அத்தாவரம் தன் இலைகளின் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்வதால், பல வகைப் பாசிகள் சில நிமிடங்களிலேயே விரிந்து பசுமையாகிவிடும்.

பெயர்கள் தெரியாதது தடையே அல்ல. முதலில் கால்களை எண்ணச் சொல்லுங்கள்: ஆறு இருந்தால் பெரும்பாலும் பூச்சி, எட்டு இருந்தால் சிலந்தியோ அதன் உறவோ. பெயர் அறிய விரும்பும்போது, 2008இல் இணையதளமாகத் தொடங்கப்பட்ட ஐநேச்சுரலிஸ்டின் செயலியில் படத்தை ஏற்றினால், மற்ற பயனர்கள் அடையாளம் காண உதவுவார்கள்.

உங்கள் ஏழாவது மாடிச் சன்னலும் பயனுள்ளதே. 1998இல் தொடங்கி, இன்று உலகெங்கும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடைபெறும் ‘கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட்’ என்னும் பறவைக் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் நின்று பார்த்த பறவைகளைப் பதிவு செய்தால் போதும். புறாவும் காகமும் மட்டுமே தென்பட்டாலும் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. நிலவு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடங்கள் தாமதமாக உதிப்பதையும் இதே சன்னலிலிருந்து குறித்து வரலாம்.

ஐந்து வயதுப் பிள்ளையால் நெடுநேரம் ஓரிடத்தில் நிற்க முடியாது. சலிப்பு தெரிந்தவுடன் திரும்பிவிடுங்கள். மயிருள்ள கம்பளிப்பூச்சிகளைத் தொடக்கூடாது என்பதையும், வீடு திரும்பியதும் கைகழுவ வேண்டும் என்பதையும் முதல் நாளே பழக்கிவிடுங்கள். பிடித்த பூச்சியைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடட்டும். சேர்த்து வைக்க உதிர்ந்த இலைகளும் விதைகளுமே ஏராளமாகக் கிடைக்கும்.