ஜிக்சாவில் தகடு வெட்டும்போது பல் கொட்டுவது பற்றி

1.5 மி.மீ. இரும்புத் தகட்டை ஜிக்சாவில் (பிளேடு மேலும் கீழும் ஓடும் மின் ரம்பம்) வெட்டும்போது பிளேடின் பல் கொட்டுகிறது, தகடும் தடதடவென்று அதிர்கிறது என்கிறீர்கள். நீங்கள் மாட்டியிருப்பது மரம் வெட்டும் பிளேடு, கோளாறு அதில்தான். அதன் பல் இடைவெளி 3, 4 மி.மீ. இருக்கும். தகடு அந்தச் சந்துக்குள் முழுசாக விழ, அடுத்த பல் விளிம்பில் மோதி உடைகிறது. எப்போதும் இரண்டு பல்லாவது தகட்டின் கனத்துக்குள் இருக்க வேண்டும். 0.7 மி.மீ. இடைவெளியுள்ள உலோக பிளேடு மாட்டுங்கள், பைமெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்துச் செய்தது) என்றால் எளிதில் ஒடியாது.

அப்புறம், ஆர்பிட்டலை (பிளேடு முன்னும் பின்னும் ஆடும் அளவை மாற்றும் திருகு) 0-வில் வைத்து வேகத்தைக் குறையுங்கள். வெட்டும் கோட்டின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். அதிர்வுக்கு, அடியில் பிளைவுட் வைத்து இறுக்கக் கிளாம்ப் போட்டு, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். அமுக்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், இரும்புப் பொடி முகத்துக்குத்தான் பறக்கும்.