பனையேறிய காலும் பீடி சுற்றும் கழுத்தும்

அண்ணாச்சி,

போன வாரம் திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டை வரை வந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பாதிப் பேச்சிலேயே எழுந்துவிட்டீர்கள். மகளைப் பிசியோதெரபியில் சேர்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள்: "உடம்பு பிடித்துவிடுகிற வேலைக்கு இத்தனை வருடப் படிப்பு எதற்கு?" பக்கத்தில் நின்ற உங்கள் மகளின் முகம் வாடியதை நான் கவனித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பதிலை உங்கள் காலிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது வருடம் பனையேறிய கால் அது. கெண்டைக்காலில் வெளியே தெரிவது ஒரே சதைதான் என்றாலும் உள்ளே முக்கியமாக இரண்டு இருக்கின்றன. மேலே புடைத்திருப்பதில் வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் இழைகள் நிறைய உண்டு. குதிக்கவும் ஓடவும் அது உதவும். அதற்கடியில் தட்டையாகக் கிடப்பது மெல்லச் சுருங்கும், லேசில் களைக்காது. மரத்தடியில் மணிக்கணக்கில் நம்மை நிற்க வைப்பது அந்தச் சதை. கோழிக்கறியில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாளெல்லாம் நடக்கும் காலின் கறி சிவந்திருக்கும்; எப்போதாவது சிறகடிக்க மட்டும் உதவும் நெஞ்சுக்கறி வெளுத்திருக்கும். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்தச் சிவப்பு.

நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிரித்தால் புரி, புரிக்குள் நார் என்று போய்க்கொண்டே இருக்கும். தசையும் அப்படித்தான்: கட்டுக்குள் கட்டு, அதற்குள் இழை, இழைக்குள் நுண்ணிழை. வடத்தை ஊரே கூடி இழுக்க வேண்டும். தசை தன்னைத்தானே இழுத்துக்கொள்கிறது. ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள், கோத்த கைவிரல்களைப்போல ஒன்றன் இடையில் ஒன்று வழுக்கி நுழைகின்றன. இழைகளின் நீளம் மாறுவதில்லை, தசை மட்டும் சுருங்குகிறது. 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டு ஒரே இதழில் எழுதின.

இதனால் ஏட்டறிவைத் தவிர என்ன லாபம் என்பீர்கள். பாளை அரிவாளைப் பிடித்தபடி மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். விரல்களை மடக்கும் சதை ஏற்கெனவே சுருங்கிவிட்டதால், வழுக்கி நுழைய அதற்கு மேலும் இடம் இருப்பதில்லை. இது உங்கள் கைக்கு எப்போதோ தெரியும். பிசியோதெரபி படிப்பவர் காரணத்தோடு தெரிந்துகொள்கிறார். அடிபட்ட கைக்கு எந்தக் கோணத்தில் பயிற்சி கொடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்.

மதினியின் கழுத்துவலியும் இதே கணக்குத்தான். சுளகை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றும்போது கழுத்தின் பின்சதை தலையின் பாரத்தை விடாமல் தாங்குகிறது. இறுகியே இருக்கும் சதைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. தைலம் தேய்த்தால் அன்றைக்குச் சுகம், மறுநாள் அதே வலி. உட்காரும் விதத்தையும் எழுந்திருக்கும் இடைவெளியையும் மாற்றச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மகளின் நீட் மதிப்பெண் குறைந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொடையின் படத்தைக் காட்டியபோது அவள் கேட்டதைத்தான் எடுத்துக்கொண்டேன்: "இந்தச் சதை மட்டும் ஏன் சார் குறுக்கே போகிறது?" இடுப்பின் வெளிப்புறத்திலிருந்து முழங்காலின் உட்புறம் வரை சாய்ந்து இறங்கும் சதை அது, உடம்பிலேயே மிக நீளமானது. நாம் சம்மணமிட்டு உட்காருவதற்கு அது உதவுகிறது. பெயரை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். வடிவத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பவர்கள் குறைவு. முதல் ஆண்டு உடற்கூறியலில் பலர் திணறுவதும் பெயர்ப் பட்டியலாக அதைப் படிப்பதால்தான்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் உங்கள் எதிர்பார்ப்புக்குக் குறைவாகவே இருக்கும். மூட்டு அறுவை சிகிச்சை, பக்கவாதம், விளையாட்டு என்று ஒரு துறையில் அனுபவம் சேர்ந்த பிறகுதான் கை நிமிரும். ஆறு மாதச் சான்றிதழ் தருகிறோம் என்று அழைப்பவர்களிடம் போகவே போகாதீர்கள். கல்லூரிக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2021இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பின் இந்தத் துறையின் விதிகள் மாறிவருகின்றன. சேர்க்கை நிபந்தனையையும் படிப்புக் காலத்தையும் இந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்க்காமல் யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதினியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சுளகோடு அவர்கள் உட்காரும் விதத்தை மகளே பார்த்து, எது எதனால் வலிக்கிறது என்று நமக்குச் சொல்லட்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இரண்டு நகல் எடுத்து வாருங்கள். போன தடவை மறந்துவிட்டீர்கள்.