திருக்கை குத்திய புண் ஏன் மூடி மூடித் திறக்கிறது?

கேள்வி: டொக்டர் அம்மா, என் கணவருக்கு 51 வயது. கரைவலை இழுப்பவர். மூன்று வருசத்துக்கு முன்னர் வலது கணுக்காலுக்கு மேலே திருக்கை குத்தியது. அன்று மருந்து கட்டி ஊசியும் போட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. சில வாரம் மூடியிருக்கும், பிறகு வீங்கி உடைந்து சீழ் வடியும். குளிசை குடித்தால் காய்ந்து, திரும்பவும் வரும். கன்னியா வெந்நீர்க் கிணற்றிலும் குளித்துப் பார்த்தார். "கடல் காயம் அப்படித்தான்" என்று இப்போது ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, குச்சவெளி

பதில்: தங்கச்சி, "அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். புண் மூடி மூடித் திறப்பதுதான் எனக்கு முக்கியமான அடையாளம். மேல்தோல் ஆறப் பார்க்கிறது, உள்ளே ஏதோ ஆறவிடாமல் தடுக்கிறது.

திருக்கையின் முள்ளில் இரண்டு பக்கமும் பின்னோக்கிய பற்கள் உண்டு. இழுக்கும்போது நுனி முறிந்து சதைக்குள் தங்கிவிடலாம். அதன் மேலுறைத் துண்டுகளும் அப்படித்தான். இல்லாவிட்டால் கிருமி எலும்பு வரை போயிருக்கலாம். இரண்டிலும் குளிசை சீழை அடக்குமே தவிர, வேரைத் தொடாது.

ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு குளிசை அல்ல, ஒரு எக்ஸ்ரே. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்கில் "மூன்று வருசமாகத் திறந்து மூடுகிறது, திருக்கை குத்தியது" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் ஸ்கேன் தேவைப்படலாம். முள் இருந்தால் வெட்டி எடுப்பார்கள். எலும்பில் கிருமி என்றால் அதன் மாதிரியைச் சோதித்து, பொருத்தமான மருந்தைப் பல வாரங்கள் தருவார்கள். அதை நடுவில் நிறுத்தக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

சீனி வருத்தம் இருக்கிறதா என்று அன்றே இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் எந்தப் புண்ணும் ஆறத் தாமதமாகும். புண்ணின் விளிம்பு தடித்து எழும்பினாலோ, தொட்டதும் இரத்தம் கசிந்தாலோ, சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். வருசக்கணக்கில் ஆறாத புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய் தொடங்கும்.

கன்னியாவைப் பற்றி: திருக்கை குத்திய உடனே, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் காலை வைத்தால் வலி குறையும், அதன் நஞ்சு சூட்டுக்குக் கெடும். இப்போது அங்கே நஞ்சு இல்லை, சீழ்தான் இருக்கிறது. பலர் குளிக்கும் இடத்தில் திறந்த புண்ணை நனைக்க வேண்டாம்.

கிளினிக் நாள் வரை, கொதித்து ஆறிய நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். கப்சூலை உடைத்துத் தூளைத் தூவாதீர்கள். புண் முழுதாக ஆறும்வரை கடலில் இறங்க வேண்டாம், கரையில் நின்று கயிறு இழுக்கலாம் என்றாலும் உப்பு நீர் படாமல் பார்க்க வேண்டும். காய்ச்சல், காலில் சிவப்பு மேலேறுதல், கடும் வலி வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்து எழுதிய பழைய துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொண்டு போங்கள். எந்தக் குளிசை எப்போது கொடுத்தார்கள் என்பது அந்த டொக்டருக்கு வேண்டியிருக்கும்.